மீட்டரைத் திருப்பறது ஒரு தொழிலாம்ல!

மக்களே, கொஞ்சம் சூடா இருக்கேன், பொறுத்துக்கோங்க.

நம்மூர்ல மைலேஜ்னா லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்னு அர்த்தம். இங்க பிரிட்டன்ல அது வண்டி ஓடின மொத்த தூரம். அந்தக் கணக்கைக் குறைக்கிறது இங்க குற்றமே இல்லையாம்! குறைச்சதைச் சொல்லாம விக்கிறதுதான் குற்றமாம். அதனால 'மைலேஜ் கரெக்‌ஷன்'னு விளம்பரமே போட்டு, லேப்டாப்பைச் சொருகி, 80,000 மைலை 30,000 ஆக்கித் தர ஆள் இருக்காங்க. பால்ல தண்ணி கலக்கிறது தப்பில்ல, சொல்லாம விக்கிறதுதான் தப்புன்னு சொல்லி, கலக்கிறதுக்குன்னே கடை தொறந்த கதை.

ஜெர்மனில 2005லயே மீட்டரைத் திருத்துறதையே குற்றமாக்கிட்டாங்க. ஒரு வருஷம் வரை சிறை. பெல்ஜியத்துல 2006லேர்ந்து, பழைய கார் விக்கிறவர் அது ஓடின கணக்கு வரலாறை 'கார் பாஸ்'னு ஒரு தாள்ல கொடுத்தே ஆகணும். பட்டறைக்காரங்களும் மீட்டர் கணக்கைப் பதிஞ்சே ஆகணும். அங்கெல்லாம் முடியறது இங்க ஏன் முடியாது?

"எம்.ஓ.டி. வரலாறு இணையத்துல இலவசமா இருக்கே"ன்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா முதல் எம்.ஓ.டி. சோதனையே 3 வருஷம் கழிச்சுதான். குத்தகைக்கு எடுத்த ஸ்போர்ட்ஸ் காருக்கு மைல் வரம்பு உண்டு, தாண்டினா மைலுக்கு இவ்வளவுன்னு அபராதம். திருப்பிக் கொடுக்கறதுக்கு முந்தின வாரம் மீட்டரைத் திருப்பிட்டா? அரசாங்கப் பதிவே பொய்யிலேர்ந்துதான் ஆரம்பிக்கும்.

நண்பர்களுக்காகப் பழைய போர்ஷே பாக்ஸ்டர், கேமன் பாக்கப் போறப்போ, 987 தலைமுறைன்னா நான் முதல்ல கேக்கறது எஞ்சின் கம்ப்யூட்டர் ரிப்போர்ட். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடிச்சுன்னு அதுல இருக்கும். மைலை மணியால வகுங்க. ஊரும் நெடுஞ்சாலையும் கலந்து ஓட்டினா சராசரி 25, 30 வாக்குல வரணும். மீட்டர் 30,000 மைல், எஞ்சின் 2,800 மணின்னா சராசரி 11கூட வரல. ஸ்போர்ட்ஸ் காரை யாராவது டவுன் பஸ் மாதிரி ஓட்டுவாங்களா? இதையும் மாத்தத் தெரிஞ்சவன் இருப்பான். ஆனா டாஷ்போர்டை மட்டும் திருப்பினா இது மாறாது.

கண்ணாலயும் பாருங்க. 12,000 மைல் வண்டில ஓட்டுநர் சீட்டோட பக்கவாட்டுத் தோல் வெடிச்சிருக்கா? ஸ்டீயரிங் தோல் வழவழன்னு மின்னுதா? பிரேக் டிஸ்க் ஓரத்துல வரப்பு மாதிரி மேடு கட்டியிருக்கா? பில்லு எங்கன்னு கேளுங்க. பழைய டயர் பில்லுலயும் சர்வீஸ் பில்லுலயும் அன்னிக்கு மீட்டர் காட்டின மைல் எழுதியிருக்கும்.

"மீட்டர்ல என்ன இருக்கு, கண்டிஷனைப் பாத்து வாங்குங்க"ன்னு ஒரு வியாபாரி எனக்கே பாடம் எடுத்தார். சரி சாமி, அப்போ குறைஞ்ச மைலுக்குன்னு ஏன் கூடுதல் விலை சொல்றீங்க? எந்த உதிரியை எப்ப மாத்தணுங்கறதே மைல் கணக்கை வெச்சுதானே? அந்தப் பொய்யை நம்பி அடுத்தவன் குடும்பத்தோட நெடுஞ்சாலைல போறான்.

சட்டம் மாறணும், சரி. நம்மளும் மாறணும். மைல் கம்மின்னா உடனே மயங்கறோம் பாருங்க, அந்த மயக்கத்துக்குத்தான் அவங்க கடை போட்டிருக்காங்க. ஒழுங்கா சர்வீஸ் பண்ணின 70,000 மைல் வண்டி, சந்தேகத்துக்குரிய 30,000த்தை விட எவ்வளவோ மேல்.

டிஸ்கி: ரிப்போர்ட் எடுக்க விடமாட்டேன்னு விக்கிறவர் சொன்னா சண்டை போடாதீங்க. கும்பிடு போட்டுட்டுக் கிளம்புங்க.