பஞ்சாரத்துக் கோழிக்குப் பதிவு எண் உண்டா?

கோழிப்பண்ணைகள் யாவும் ஒரு மாதத்துக்குள் கால்நடைத் துறையிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2025 ஏப்ரலில் மத்திய சர்க்கார் சொன்னபோது, பறவைக் காய்ச்சலுக்கு வலை விரித்தாயிற்று என்று அகமகிழ்ந்தவர்கள், புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் ஒற்றைக் கோலுக்குக் கட்டுப்பட்டு மேயும் வாத்துக் கூட்டத்தை ஒருதரம் பார்த்திருந்தால், அவ்வளவு சீக்கிரம் மகிழ்ந்திருக்கமாட்டார்கள். இன்று பாகூர், நாளை எல்லை தாண்டித் தமிழ்நாடு. எந்த விலாசத்தில் பதிவது?

வில்லியனூர்ப் பக்கம் கோழி பஞ்சாரத்தில் கிடக்கிறது. அது கழுத்தைத் தொங்கப்போட்டால் வீட்டுக்காரி "கழிச்சல்" என்பாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை. வெள்ளைக் கழிச்சலையும் பறவைக் காய்ச்சலையும் கண்ணால் பார்த்தே பிரித்துரைக்க மருத்துவராலும் இயலாது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் போபால் ஆய்வுக்கூடம் சொன்னால்தான் நிச்சயம். அதற்குள் கோழி குழம்பாகிவிடும். 2025 மார்ச்சில், ஆந்திரத்துப் பல்நாடு மாவட்டத்தில், பச்சைக் கோழித்துண்டைத் தின்றதாகச் சொல்லப்பட்ட இரண்டு வயதுக் குழந்தை எச்5என்1 பறவைக் காய்ச்சல் கண்டு மாண்டது.

சரி, அவள் சொல்லத்தான் துணிந்தாள் என்று வையுங்கள். நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் பறவைகளையெல்லாம் கொல்வார்கள். கொன்றதற்கு இழப்பீடு உண்டு, தானே செத்ததற்கு இல்லை. அதாவது, உண்மை சொன்னவளின் செத்த கோழிக்கு ஒன்றுமில்லை. அவளால் தெருவே கோழியிழந்து நிற்கும். இதைவிட நேர்த்தியாக மௌனத்துக்குப் பரிசளிக்க முடியுமா?

அந்த வட்டத்தையும் நான் கணக்கிட்டுப் பார்த்தேன் (என் வழக்கமான பைத்தியம்): பரப்பு 314 ஹெக்டேர். ஊசுட்டேரியோ சுமார் 800 ஹெக்டேர். அதன் பாதிகூட வட்டத்துக்குள் அடங்காது. ஏரியே புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் பங்காகிக் கிடக்க, வலசைப் பறவை எந்தச் சர்க்காரின் அனுமதி கேட்டு இறங்கும்? அது கரையோரம் எச்சமிட, அதே நீரில் வாத்து மேய, அந்த வாத்து வயலுக்கு வருகிறது. இவற்றையெல்லாம் கண்காணித்தால் முட்டை விலை சரியும் என்று அலறும் வியாபாரிகளுக்கு மறுமொழி எழுத மை வீண்.

பன்றிகளிடையே ஆண்டுக்கணக்கில் உருவாகிவந்த காய்ச்சலை, 2009இல் மனிதன் இருமிய பிறகே உலகம் அறிந்தது. அடுத்தது பஞ்சாரத்திலிருந்து புறப்படும் என்பதில் எனக்கு ஐயமேயில்லை. பெருந்தொற்று நிதியிலிருந்து கால்நடைச் சுகாதாரத்துக்கென்று இந்தியா பெற்ற 2.5 கோடி டாலரில் ஒரு துளி, கோழி செத்ததென்று முதலில் சொல்லியனுப்பும் கிழவியின் வாசலுக்கு, அந்தச் செத்த கோழியின் விலையாக, அன்றைக்கே போய்ச் சேரட்டும்.