ஜேசிபி வர்றதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம்

போன கோடை லீவுல எங்க ஊர் உத்திரமேரூர் பக்கத்துல ஒரு ஏரியில வண்டல் அள்ளிக்கிட்டு இருந்தாங்க. வேலை வெட்டி இல்லாம வேடிக்கை பார்க்கப் போனேன். லாரியில கொட்டுன மண்ணுல வட்டமா ஏதோ ஒண்ணு. எடுத்துப் பார்த்தா ஆமை ஓடு, காலி ஓடு. "இதெல்லாம் எல்லா ஏரியிலயும் கெடக்கும் தம்பி"ன்னார் டிரைவர். நானும் மண்ணுலயே தூக்கிப் போட்டுட்டேன். லாரி போயிடுச்சு.

அது நாலைஞ்சு வருஷத்துக்கு முன்னாடி செத்த ஆமையாத்தான் இருக்கும். ஆனா அதே செமஸ்டர்ல இன்ஜினியரிங் ஜியாலஜி படிக்கும்போது கள்ளமேடு ஆமையைப் பற்றித் தெரிஞ்சுது. அப்புறம்தான் அந்த லாரி மனசுல உறுத்த ஆரம்பிச்சுது.

கள்ளமேடு அரியலூர் பக்கத்துல ஒரு கிராமம். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் பின்வாங்கி, ஆறும் வெள்ளச் சமவெளியும் இருந்தன. அந்த மண்ணில் கிடைத்த ஆமை எலும்புகளை 2001இல் காஃப்னி, சங்கர் சட்டர்ஜி, ருத்ரா என்ற மூவர் ஆராய்ந்து, புதிய இனம் என்று அறிவித்தார்கள். பெயர் கூர்மடெமிஸ் கள்ளமேடென்சிஸ். கூர்மமும் இருக்கு, நம்ம கிராமத்துப் பெயரும் இருக்கு.

இந்த ஆமை கழுத்தை நேராக உள்ளே இழுக்காது, பக்கவாட்டில் மடக்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட ஆமைகள் இன்று இந்தியாவில் இயற்கையாக இல்லை. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று போனால்தான் பார்க்கலாம். இதன் நெருங்கிய சொந்தம் ஒன்று மடகாஸ்கரிலும் புதைபடிவமாகக் கிடைத்திருக்கிறது. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்து சுமார் 8.8 கோடி ஆண்டு ஆகிறது. ரெண்டும் ஒட்டியிருந்ததுக்கு ஒரு ஆமை சாட்சி சொல்லுது!

எலும்பு எப்படி இவ்வளவு நாள் தாங்கும்? ஆமை ஓடு என்பது முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்து தகடு தகடாக இறுகியது. குளத்துல ஓட்டம் கிடையாது. செத்த ஆமை அடியில் தங்கும், மெல்லிய சேறு மூடும். சேற்றுக்குள் ஆக்ஸிஜன் குறைவு என்பதால் எலும்பு சீக்கிரம் சிதையாது. பிறகு நிலத்தடி நீரில் கரைந்த தாதுக்கள் எலும்பின் நுண்துளைகளில் படிந்து அதைக் கல்லாக்கும். குளத்துச் சேறு ஒரு ஹார்ட் டிஸ்க் மாதிரி. நாம அதை ஃபார்மேட் பண்ணாம இருந்தா போதும்.

இது ஜியாலஜிக்காரங்க வேலைன்னு ஒதுங்காதீங்க. மும்பை வொர்லியில் எரிமலைக் குழம்புப் பாறைகளுக்கு இடையே பழைய நன்னீர்க் குளத்துப் படிவு ஒன்று உண்டு. அங்கே கிடைத்த சின்னத் தவளைப் படிவங்களை 1847இல் ரிச்சர்ட் ஓவன் விவரித்தார். அவருக்கு அதை அனுப்பியவர் ஜி.டி. கிளார்க். பம்பாயில் ரயில் பாதை வேலை பார்த்த இன்ஜினியர்! 1852இல் கார்ட்டர் என்ற மருத்துவர் அதே ஊர்ப் படிவுகளிலிருந்து ஒரு ஆமையையும் பதிவு செய்தார். மண்ணை முதலில் பார்ப்பது பெரும்பாலும் தோண்டுகிறவன்தான். தோண்டுகிற தொழிலுக்குத்தான் நாம படிச்சுக்கிட்டு இருக்கோம்.

கவனிக்காட்டி என்ன ஆகும்? அதுக்கும் கள்ளமேடே உதாரணம். 1980களின் பிற்பகுதியில் அங்கிருந்து ப்ருஹத்காயோசாரஸ் என்ற ராட்சத டைனோசரைப் பற்றி எழுதினார்கள். கீழ்க்கால் எலும்பே 2 மீட்டர் என்று பதிவு. ஆனா எலும்புகள் பொடிஞ்சு போச்சு. இன்னிக்கு மிச்சம் படங்கள் மட்டும்தான். உலகத்துலயே பெரிய விலங்குகளில் அது ஒன்றா என்று இன்னமும் சண்டை போடுறாங்க. தீர்த்து வைக்க எலும்பு இல்லை.

"அப்போ ஏரியைத் தூர் வாரவே கூடாதா?"ன்னு கேட்பீங்க. தூர் வாரணும். வண்டல் நிலத்துக்குப் போகணும், ஏரியில தண்ணி நிக்கணும். எங்க தாத்தா விவசாயி, அவர்கிட்ட போய் நான் வேற மாதிரி பேச முடியாது. உத்திரமேரூர்ல அடியில இருப்பது பெரும்பாலும் பழைய கடினப் பாறை, அதனால அங்க கூர்மடெமிஸ் கிடைக்கும்னும் சொல்லலை. ஆனா இதே காஞ்சிபுரம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூர் களிப்பாறையில் டைனோசர் காலத்து இலைப் படிவங்கள் உண்டு. அந்தப் பக்கம் எத்தனை அஸ்திவாரம் தோண்டியிருக்காங்க, எத்தனை பேர் குனிஞ்சு பார்த்திருப்பாங்க?

நான் கேட்பது ஒரு அரை மணி நேரமும் ஒரு ஜோடி கண்ணும்தான். சைட் விசிட் போனா வெட்டிய மண் சுவரை அடுக்கு அடுக்கா பாருங்க. வித்தியாசமா எலும்போ இலையோ தெரிஞ்சா பிடுங்காதீங்க, கழுவாதீங்க. பக்கத்துல ஒரு பேனாவை வச்சு போட்டோ எடுங்க, லொகேஷனைக் குறிச்சுக்கோங்க. ஜியாலஜி டிபார்ட்மென்ட்டுக்கோ, சென்னையில் உள்ள இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அலுவலகத்துக்கோ சொல்லுங்க. உயிரோட ஆமை வந்தா தண்ணியில விடுங்க, ஹாஸ்டலுக்குக் கொண்டு வராதீங்க. நம்ம ஏரி ஆமைகளுக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. புதைபடிவத்துக்குன்னு தனிச் சட்டம் கொண்டுவர 2022 டிசம்பரில் வரைவு மட்டும் வெளியானது. சட்டம் வரும்னு ஜேசிபி காத்திருக்காது.

எங்க ஊர்க் கல்வெட்டைப் பற்றிப் பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. குடவோலைன்னதும் எல்லாருக்கும் தேர்தல்தான் ஞாபகம் வரும். 919, 921ஆம் ஆண்டுகளில் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய அந்தக் கல்வெட்டுகளில் ஏரி வாரியமும் வருது. ஏரியைப் பார்த்துக்கொள்ள 6 பேர். பதவியில் இருந்துட்டு கணக்குக் காட்டாதவங்க மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஏரியில கை வைக்கிறவன் கணக்குச் சொல்லணும்னு எழுதி வச்ச ஊர் அது.

அன்னிக்கு லாரியில போன மண்ணுக்கு என்கிட்ட கணக்கு இல்லை. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துட்டுப் போறேன். நீங்களும் உங்க ஊர் ஏரிக்கு எடுத்துட்டுப் போங்க.