பல்வலியும் வட்டிக் கடனும்



எமது மதரஸாவில் ஓதும் சிறுவன் ஒருவனின் தாயார், சென்ற மாதம் பல் வைத்தியத்துக்காகத் தமது காதணியை வட்டிக்கு அடகு வைத்தார். சொத்தை சிறிதாக இருந்தபோதே அடைத்திருந்தால் சொற்பத் தொகையில் முடிந்திருக்கும். செலவுக்கு அஞ்சி அவர் ஒத்திப்போட்டார். சொத்தை நரம்பை எட்டியது. வேர்ச் சிகிச்சை, அதன்மேல் உறை எனச் செலவு ஆயிரங்களாய் வளர்ந்தது.

“யாரிடம் கேட்பது, ஹஜ்ரத்?” என்றார். நான் தலைகுனிந்தேன். மஹல்லாவில் பைத்துல்மால் இருந்தும், நோய்க்கும் அதில் கேட்கலாம் என்று அவருக்கு நாம் எவரும் சொல்லவில்லையே!

வழிகள் உள்ளன. சென்னையில் 1953-இல் தொடங்கப்பெற்ற அரசு பல் மருத்துவக் கல்லூரியும், புதுக்கோட்டையில் 2023-இல் திறக்கப்பெற்ற கல்லூரியும் ஏழைகளுக்கு உதவுகின்றன. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும், பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை செய்கின்றனர். காத்திருக்க நேரும், ஆயினும் கடன் நேராது.

அதற்கும் இயலாதோருக்கு ஜமாஅத்தார் வட்டியில்லா அழகிய கடன் வழங்கட்டும். கடனாளி சிரமத்திலிருந்தால் வசதி வரும்வரை அவகாசம் அளிக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 280-ஆம் வசனம் பணிக்கிறது. ஏழைகளும் கடன்பட்டோரும் ஜகாத் பெறத் தக்கவர்களே.

சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடும் என்றில்லையேல், ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்வதைக் கட்டாயமாக்கியிருப்பார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். அந்த ஸுன்னத்தை இன்றிரவே பிள்ளைகளிடம் தொடங்குவோம். செலவில்லாத வைத்தியம் அதுவே.

அல்லாஹ் நம்மை வட்டியிலிருந்து காப்பானாக! ஆமீன்.