தூண்டிலை ஒடிக்காதீர்கள்!

என் தங்கை வாக்கப்பட்ட ஊர் திருமலை. லட்டு கொடுக்கிற திருமலை இல்லை ஸார். இது ஆரணி பக்கத்துத் திருமலை. ராஜராஜ சோழனின் அக்கா குந்தவை பெயரில் ஒரு ஜினாலயமும், பதினாறு அடி உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிற நேமிநாதரும் இருக்கிற சமணர் மலை. மாப்பிள்ளைக்குப் பட்டுத் தறி. போன மாசம் போயிருந்தேன். வாசல் திண்ணை ஓரமாக ஒரு மூங்கில் தூண்டில் இரண்டு துண்டாகக் கிடந்தது. தங்கூஸ் நரம்பு சிக்கலாகி, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை நசுங்கி...

“யார் மாப்பிள்ளை இந்த வேலையைப் பண்ணது?”

“நான்தான் மச்சான். ஒண்ணு கிரிக்கெட் ஆடட்டும், இல்லன்னா மீன் புடிக்கட்டும். ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு இருந்தா உருப்படுவானா?”

“மீன் புடிக்கிறவன் வேற எப்படி நிப்பான் மாப்பிள்ளை?” என்றேன். தங்கை சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. உள்ளே மருமகன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். பதிமூன்று வயசு. இடது கை ஸ்பின்னர். பந்து அவன் கையை விட்டுக் கிளம்பும்போதே ‘விர்ர்’ரென்று சத்தம் கேட்கும். கூடவே, ஏரிக்கரையில் அவன் உட்கார்ந்தால் அன்றைக்கு வீட்டில் விரால் குழம்பு.

விஷயம் இதுதான். டவுனில் ஒரு கிரிக்கெட் பயிற்சி மையத்தில் பையனைச் சேர்த்திருக்கிறார்கள். அங்கே கொடுத்த விதிமுறைத் தாளில் ஒரு வரி: மாணவர்கள் பிற பொழுதுபோக்குகளைத் தவிர்க்க வேண்டும். பணம் கட்டியவர் மாப்பிள்ளை. அந்த வரியை அவர் படித்தார், தூண்டிலை ஒடித்தார்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. தறி அடுத்த தலைமுறைக்குச் சோறு போடுமா என்ற பயத்தில் இருக்கிற மனுஷர். சேலம் சின்னப்பம்பட்டியிலிருந்து ஒரு நெசவுத் தொழிலாளியின் மகன் 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியதை டி.வி.யில் பார்த்தவர். நடராஜன் மாதிரி நம்ம பையனும் வரமாட்டானா என்று நினைக்கிறார். நினைக்கட்டும். ஆனால் நடராஜன் எட்டு வயசில் அகாடமியில் சேர்ந்து, மற்றதையெல்லாம் துறந்து மேலே வந்தவர் இல்லை. இருபது வயசு வரைக்கும் டென்னிஸ் பந்தில் ஊர் மைதானங்களில் ஆடியவர். அதை மாப்பிள்ளையிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் ஃபீஸ் வராதே!

எனக்கும் சின்ன வயசிலிருந்து இந்த இரண்டு வியாதியும் உண்டு. அதனால் இது சொந்த வழக்கு. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

1988 ஜனவரி. சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸோடு டெஸ்ட். நரேந்திர ஹிர்வானி என்று ஒரு கண்ணாடிக்காரப் பையன் தன் முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட் எடுத்தான். அந்த டெஸ்டை நான் ஏரிக்கரையில் ‘பார்த்தேன்’. மடியில் மாமாவின் டிரான்சிஸ்டர். கையில் தூண்டில். கமென்ட்ரிக்குக் காது போதும், தக்கைக்குக் கண் போதும். இரண்டுக்கும் சண்டையே இல்லை. தறிக்காரர்களும் அப்படித்தான். கை நாடாவை ஓட்டும், கால் மிதியை மிதிக்கும், காது ரேடியோவில் இருக்கும். விக்கெட் விழுந்தால் ஒரு நிமிஷம் தறிச் சத்தம் நிற்கும், அவ்வளவுதான். புடவையும் நெய்தார்கள், மேட்சும் கேட்டார்கள்.

அன்றைய கிரிக்கெட்டே உங்களுக்கு இடம் விட்டு ஆடியது. ஐந்து நாள் டெஸ்டுக்கு நடுவில் ‘ரெஸ்ட் டே’ என்று ஒரு நாள் விடுவார்கள். இளைய வாசகர்கள் நம்பமாட்டீர்கள். ஆட்டக்காரர்கள் ஓய்வெடுப்பார்கள். நாங்கள் மீன் பிடிப்போம்.

எங்கள் ஏரியும் அதே மாதிரிதான். ஐப்பசி, கார்த்திகையில் ரொம்பும். தையிலிருந்து தண்ணீர் இறங்க இறங்க மீன் பிடிக்கலாம். சித்திரையில் காய்ந்தால் அதே ஏரி எங்கள் மைதானம். போன மாசம் கெண்டை கடித்த இடத்தில் இந்த மாசம் ஸ்டம்பு நட்டிருப்போம். களிமண் வெடிப்பில் பந்து பட்டால் வார்னேவுக்குக்கூட அப்படித் திரும்பாது. மருமகனின் சுழலுக்குப் பாதிக் காரணம் அந்தத் தரைதான் என்பது என் கட்சி. மீதிப் பாதி, தக்கை அசைகிற வரைக்கும் ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்காருகிற பழக்கம். ஸ்பின்னருக்கு வேறென்ன வேண்டும்? சிக்ஸர் வாங்கிய பிறகும் அடுத்த பந்தை மெதுவாகத் தூக்கிப் போடுகிற பொறுமையை எந்த அகாடமியில், எந்த மெஷினை வைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள்?

அப்படியென்றால் எப்போது இந்த இரண்டும் சக்களத்திகள் ஆயின?

பி.காம். படித்தவன் என்பதால் எனக்குக் கணக்காகத்தான் யோசிக்க வரும். ஐ.பி.எல். 2008-ல் ஆரம்பித்தது. 2023-லிருந்து ஐந்து வருஷத்துக்கான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. ஒரு மேட்சுக்கு ஏறக்குறைய 118 கோடி. அந்த 118 கோடியை எதை நம்பிக் கொடுத்தார்கள்? உங்கள் காதை நம்பி இல்லை, கண்ணை நம்பி. இரண்டு ஓவருக்கு நடுவில் நீங்கள் எழுந்து போய்விட்டால் பான் மசாலா விளம்பரத்தை யார் பார்ப்பது? ராத்திரி ஏழரைக்கு ஆரம்பித்துப் பதினொன்றரைக்கு முடிகிற ஆட்டம், விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஏரிக்குப் போகிறவனை ஒழித்துக் கட்டிவிடும். 2025 சீசனில் மொத்தம் 74 மேட்ச் அட்டவணை போட்டார்கள். சென்னை அணிக்கு மட்டும் லீக்கில் 14. வெறும் 14 ராத்திரிதானே, சமாளிக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் மற்றவன் தோற்றால்தான் நமக்குப் பாயின்ட் டேபிளில் இடம் என்று ஒரு தூண்டில் போட்டு, 74-க்கும் நம்மை உட்கார வைத்துவிடுகிறார்கள். கடித்த மீன் நாம்தான்.

ஆக, மீன்பிடிப்புக்கு எதிரி கிரிக்கெட் இல்லை. உங்களுக்கு வேறு எந்த ஆசையும் இருக்கக் கூடாது என்று நினைக்கிற வியாபாரம். பயிற்சி மையத்தின் அந்த ஒரு வரி அதன் சின்னப் பதிப்பு.

“பெரிய ஆளா வரணும்னா ஒண்ணை விட்டுத்தான் ஆகணும் மச்சான்” என்றார் மாப்பிள்ளை. சரி, பெரிய ஆட்களையே பார்ப்போம்.

ரஞ்சி டிராபி என்கிறோமே, அந்த ரஞ்சி யார்? ஜாம்நகர் ராஜா. 1896-ல் மான்செஸ்டரில் இங்கிலாந்துக்காகத் தன் முதல் டெஸ்டில் ஆட்டமிழக்காமல் 154 அடித்தவர். 1915-ல் வேட்டையில் குண்டு பட்டு வலது கண் போனது. அப்புறமும் சும்மா இருக்கவில்லை. 1924-ல் அயர்லாந்துக்குப் போனவர், பாலினஹின்ச் என்ற ஊரில் ஒரு கோட்டையையே வாங்கிவிட்டார். எதற்கு? அங்கே ஓடுகிற ஆற்றில் சால்மன் மீன் பிடிக்க! 1933-ல் அவர் இறந்தார். அடுத்த வருஷம் அவர் பெயரில் போட்டி ஆரம்பித்தது. முதல் மேட்சே நம்ம சேப்பாக்கத்தில்தான், மதராஸுக்கும் மைசூருக்கும். ஒரே நாளில் முடிந்துபோன மேட்ச். மிச்ச நாளில் மதராஸ் அணி தூண்டில் போட்டிருந்தால் ரஞ்சியின் ஆத்மா குளிர்ந்திருக்கும்.

“அவர் ராஜா. ஊரான் வரிப்பணத்துல கோட்டை வாங்குவார், குளம் வாங்குவார்” என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. நியாயம்தான். ராஜாவுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்?

அப்படியானால் டெட் வில்லியம்ஸைப் பாருங்கள். அமெரிக்காக்காரர். ராஜா இல்லை. அம்மா சால்வேஷன் ஆர்மியில் ஊழியம் செய்தவர். பேஸ்பாலில் பத்து தடவை பேட் பிடித்தால் மூன்று தடவை சரியாக அடிக்கிறவன் கெட்டிக்காரன். 1941-ல் இவருடைய சராசரி .406. அதாவது பத்துக்கு நாலுக்கும் மேலே. அதற்குப் பிறகு அமெரிக்கன் லீகில் ஒருத்தரும் ஒரு சீசன் முழுக்க நானூறைத் தொட்டதில்லை. நடுவில் இரண்டு யுத்தங்களில் விமானம் ஓட்டப் போய், ஐந்து சீசன் அளவுக்கு ஆட்டத்தை இழந்தவர். அந்த மனுஷருக்குப் பேஸ்பாலுக்குச் சமமான இன்னொரு பைத்தியம் இருந்தது. ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ‘ஃப்ளை ஃபிஷிங்’ செய்வது. பேஸ்பால் தன் புகழ் மாளிகையில் 1966-ல் அவருக்கு இடம் கொடுத்தது. மீன்பிடிக்காரர்களும் தங்கள் புகழ் மாளிகையில் இடம் கொடுத்தார்கள். எந்தக் கோச்சும் அவர் தூண்டிலை ஒடிக்கவில்லை. ஒடித்திருந்தால் பேட்டாலேயே ஒன்று வைத்திருப்பார். கோபக்காரர்.

நம்ம காலத்து இயன் போத்தமும் அப்படியே. பந்தைக் கீழே வைத்தால் சால்மன் ஆறு.

இந்த ஃப்ளை ஃபிஷிங் பற்றி ஆரணிக்காரர்களுக்கு ஒரு தகவல். இதில் மண்புழு கிடையாது. கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றி, பார்த்தால் ஈ மாதிரியே கட்டுவார்கள். அதைத் தண்ணீர் மேல் மெல்ல உட்காரும்படி வீச வேண்டும். ஈயில் எடை இல்லை, அதனால் கயிற்றின் எடையில்தான் அது பறக்கும். அந்தக் கயிறு போன நூற்றாண்டின் நடுப்பகுதி வரை எதால் செய்யப்பட்டது தெரியுமா? பின்னிய பட்டு நூலால்! ஈ கட்டுகிற நூலும் பட்டு. கொக்கிக்கு முன்னால் கட்டுகிற கண்ணுக்குத் தெரியாத நரம்பு, பட்டுப்புழுவின் சுரப்பியை இழுத்து நீட்டிச் செய்தது. எல்லாம் போய் இப்போது நைலானும் பிளாஸ்டிக்கும். தறிக்காரர் வீட்டுப் பையனுக்குத் தூண்டில் அந்நியமான பொருள் இல்லை மாப்பிள்ளை.

இதைச் சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊர்ப் பெரியவர் ஒருத்தர், சமணர், விவசாயி, மெல்லக் கேட்டார். “அந்த வெள்ளைக்காரங்க புடிச்ச மீனை என்ன பண்ணுவாங்க?” “பல பேர் திரும்ப ஆத்துலயே விட்டுடுவாங்க ஐயா” என்று பெருமையாகச் சொன்னேன். “பசிக்குப் புடிக்கிறவன்கூடப் பரவாயில்லீங்க. விடறதுக்காக எதுக்குங்க வாயைக் கிழிக்கணும்?” என்றார். நேமிநாதர் மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு இதற்கு என்ன பதில் சொல்ல? இன்னமும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒன்று. அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு, பொழுது சாய்ந்தால் சாப்பிடாதவர். வெந்நீரில் கூட்டைப் போட்டு எடுத்த பட்டைக் கட்டிக்கொண்டு, மத்தியானம் வஞ்சிரம் வறுவல் சாப்பிட்டுவிட்டு, “ஐயோ பாவம், மீன்” என்கிற நகரத்து நண்பர்களுக்கு இல்லை.

மாப்பிள்ளையின் பக்கத்தில் ஒரே ஒரு நியாயம் இருக்கிறது. அதை அவர் சொல்லவே இல்லை, தங்கைதான் சொன்னாள். “ஏரியில எங்க பள்ளம் இருக்குன்னே தெரியலண்ணா. மண்ணு அள்ளி அள்ளி ஆளு மூழ்கற ஆழம். பயமா இருக்கு.” சத்தியமான வார்த்தை. மழைக்காலம் வந்தால் சவுடு மண் எடுத்த குழிகளில் எத்தனை பிள்ளைகள் மூழ்கிய செய்தியை நானே என் கையால் எடிட் செய்திருக்கிறேன். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு இறங்கிய ஏரிகள் இப்போது அப்படி இல்லை. போதாக்குறைக்கு மீன்பாசி குத்தகை. ஏலம் எடுத்தவர் கட்லாவும் ரோகுவும் விட்டு வளர்ப்பார். கரையில் தூண்டிலோடு ஒரு பொடியன் உட்கார்ந்தால் அவனைத் திருடன் மாதிரி விரட்டுவார். தண்ணீர் வற்றினால் ஆடலாம் என்றால், அங்கே சீமைக் கருவேலம் முளைத்து நிற்கிறது. பையனுக்கு ஏரி இரண்டு விதத்திலும் இல்லை. அப்புறம் மாதச் சந்தா கட்டி, சிமென்ட் தரையில், வலைக்குள் ஆடாமல் என்ன செய்வான்?

குத்தகை எடுத்தவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒற்றை மூங்கில் கம்பும் ஒரு கொக்கியும் வைத்திருக்கிற பதிமூன்று வயசுக்காரனால் உங்கள் முதல் முழுகிவிடாது. வலை போட்டுத் திருடுகிறவனைப் பிடியுங்கள். பஞ்சாயத்துக்காரர்களே, பள்ளம் எங்கே என்று நாலு கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்ட என்ன செலவாகும்? பயிற்சி மையத்துக்காரர்களே, அந்த வரியை அடித்துவிடுங்கள். பையனின் கையை நீங்கள் வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள். அவன் ஞாயிற்றுக்கிழமையை இல்லை.

கிளம்பும்போது மாப்பிள்ளையிடம் ஒரு ஒப்பந்தம் பேசினேன். ஞாயிறு காலை ஐந்து மணிக்குப் பையன் ஏரிக்குப் போவான். தனியாக இல்லை, நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருத்தர் கூடப் போக வேண்டும், கரையை விட்டு இறங்கக் கூடாது. ஏழரைக்கு நெட்டில் இருப்பான். ராத்திரி மேட்ச் பத்து மணிக்கு மேல் வீட்டில் யாருக்கும் கிடையாது. மாமனுக்கும்தான். ஸ்கோர் காலையில் கேட்டுக்கொள்ளலாம், பேப்பரில் வரும்.

“பெரியவர்னா யாரு மச்சான் கூடப் போறது? எனக்குத் தறி இருக்கு.”

“ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு எந்தத் தறி மாப்பிள்ளை ஓடுது?”

அவர் பதில் சொல்லவில்லை. மருமகன் மட்டும் அறையிலிருந்து வெளியே வந்து, ஒடிந்த கம்பிலிருந்து கொக்கியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். “பாத்துடா, குத்திடும்” என்றாள் தங்கை.

புதுக் கம்புக்கு ஆரணி சந்தையில் நானே பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.