பணம் போச்சா, இல்லையா? அதைச் சொல்லாத ஆப் எதுக்கு?

எழும்பூர் - தாம்பரம் வழித்தடத்தில் காகிதமில்லா மொபைல் டிக்கெட் வந்தது 2015 ஏப்ரலில். இன்று தாம்பரத்தில் டிக்கெட் முதல் டீ வரை எல்லாம் போனில்தான். ஆனால், சிக்னல் சொதப்பும் நேரத்தில் ஒரு ஆப் ‘ஏதோ தவறு நடந்துவிட்டது’ என்று மட்டும் சொன்னால்? பயணி மறுபடி அழுத்துவார். இரண்டு தடவை பணம் போக வாய்ப்பிருக்கிறது.

பழியை நெட்வொர்க் மேல் மட்டும் போட முடியாது. ஜாவாஸ்கிரிப்டின் ‘ஃபெட்ச்’, சர்வர் 404, 500 என்று பதில் தந்தாலும் அதைப் பிழையாகக் கணக்கில் எடுக்காது. டெவலப்பர்தான் சரிபார்க்க வேண்டும். அதை ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியாக எழுதினால், எங்காவது விட்டுப்போகும்.

எல்லா ஏபிஐ கோரிக்கைகளையும் ஒரே ஃபங்ஷன் வழியாக அனுப்புவதே நல்லது. அங்கேயே பிழைகளைப் பிரித்துவிடலாம்:

* 400 வரிசை: கோரிக்கையில் கோளாறு. எதைத் திருத்தணும் என்று பயனருக்குச் சொல்ல வேண்டும்.
* 500 வரிசை: சர்வர் கோளாறு. தகவலைப் பார்க்க மட்டும் கேட்ட கோரிக்கை என்றால், சற்று இடைவெளி விட்டு ஆப்பே மறுபடி முயலலாம்.
* பதிலே இல்லை: பணம் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். முதலில் நிலையை விசாரிக்க வேண்டும்.

ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒரு தனி அடையாள எண் அனுப்புவது இன்னும் பாதுகாப்பு. அதே எண் மறுபடி வந்தால் இரண்டாவது முறை பணம் எடுக்காதபடி சர்வரை அமைத்துவிடலாம்.

யுபிஐயில் கடைக்காரருக்குப் போய்ச் சேராத பணம் 5 நாட்களுக்குள் திரும்ப வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்கிறது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. நல்ல விதிதான். ஆனால் பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு, ரயில் கிளம்புவதற்குள் பதில் தெரிய வேண்டும். அதைச் சொல்ல வேண்டியது ஆப்தான்.