பழைய கார்கள் குந்தா மேடு ஏறட்டும்

கோடை சீசன் வந்தால் ஊட்டியில் பழைய கார்கள் வரிசைகட்டி நிற்கும். மெழுகு தேய்த்து, பம்பர் பளபளக்க, ஓட்டுபவர் தொப்பி வைத்துக்கொண்டு டவுனுக்குள் ஒரு சுற்று வருவார். சுற்றுலா வந்தவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். சாயங்காலம் பரிசு கொடுத்ததும் கார்கள் ஷெட்டுக்குப் போய்விடும், மேலே தார்ப்பாய். அவற்றைக் கைக்காசு போட்டுக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள்மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. அவர்களிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் எஸ்டேட்காரர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். வருஷத்தில் ஒரு நாள் இந்தக் கார்களை எங்கள் குந்தா மலைப் பக்கம் கொண்டுவாருங்கள். எஸ்டேட் மண் ரோட்டில் மேடு ஏற விடுங்கள். அதை ஒரு போட்டியாகவே நடத்துங்கள்.

இங்கிலாந்தில் நூறு வருஷத்துக்கும் மேலாக இப்படி நடக்கிறது. 1901-ல் அங்கே தொடங்கிய மோட்டார் சைக்கிளிங் கிளப், 1908-ல் லேண்ட்ஸ் எண்ட் டிரையலைத் தொடங்கியது. இன்றும் ஈஸ்டர் சமயத்தில் பைக்கும் காருமாக ராத்திரி முழுக்க ஓட்டி, வழியில் சேறும் கல்லுமான சரிவுகளில் ஏறுகிறார்கள். 1934-ல் வந்த விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் நடத்தும் டிரையல்கள் எனக்கு இன்னும் பிடித்தவை. 1920-களின் ஆஸ்டின் செவன் கார்கள், 747 சிசி இன்ஜினோடு, சேறு வழியும் மேட்டில் ஏறுகின்றன. இதில் வேகத்துக்கு வேலையே இல்லை. மேட்டின் ஓரமாக எண் எழுதிய பலகைகளை அடுக்கடுக்காக நட்டிருப்பார்கள். வண்டி எந்தப் பலகையைத் தாண்டி நிற்கிறதோ அந்த மதிப்பெண். நின்றுவிட்டால் பின்னால் இறங்கி அடுத்த மேட்டுக்குப் போக வேண்டியதுதான். பின்சக்கரம் வழுக்கும்போது பக்கத்தில் இருப்பவர் சீட்டிலேயே எம்பி எம்பிக் குதித்து, சக்கரத்தை மண்ணில் அழுத்துவார். தொண்ணூறு, நூறு வருஷ வண்டியை அப்படி ஓட்டுவதை அங்கே யாரும் பாவம் என்று நினைப்பதில்லை.

நம்மிடமும் அதற்கேற்ற வண்டிகள் உண்டு. என்னிடம் இருப்பது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இரண்டு கதவு. சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் 1961-லிருந்து கட்டிய வண்டி. குந்தா மின் திட்டம் கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா உதவியோடு வந்தபோது அப்பா மின்வாரிய வேலையில் சேர்ந்து இந்த மலைக்கு வந்தார். பவர் ஹவுஸ் வேலைகள் முடிந்த பிறகு யாரோ விற்றுவிட்டுப் போன ஹெரால்டை வாங்கினார். இன்று மஞ்சூருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கும் நடுவில் உள்ள மண் ரோட்டில் நான் ஓட்டுகிறேன். கொழுந்து மூட்டையை ஃபேக்டரிக்குக் கொண்டுபோக வேறு வண்டி இருக்கிறது. இது நாங்கள் ஏறி இறங்க.

அந்த ரோட்டில் ஹெரால்டு என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 948 சிசி இன்ஜின். 40 குதிரைத்திறன்கூட வராது. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றின் அடர்த்தி, கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அந்தக் கணக்கில் இருக்கிற சக்தியிலும் ஒரு பங்கு போய்விடும். காற்று குறைந்தால் பெட்ரோல் கலவை கனத்துப்போய், சைலன்சரில் கறுப்பாகப் புகை வரும், கார்புரேட்டரில் திருத்த வேண்டும். முதல் கியருக்கு, பல் உரசாமல் சேர்க்கும் சின்க்ரோ கிடையாது. கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் திணறும்போது முதல் கியர் போட வேண்டுமென்றால் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கிளட்சை மிதித்துப் போட வேண்டும். ஒரு நொடி பிசகினாலும் பல் கடிக்கும் சத்தம் கேட்கும், வண்டி பின்னால் நகரத் தொடங்கிவிடும். அதற்குத்தான் முன்னெல்லாம் மலை வண்டிகளில் கிளீனர் கையில் கட்டையோடு குதிக்கத் தயாராக உட்கார்ந்திருப்பார். இத்தனை குறையும் உள்ள இந்தக் கார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். இன்றைய பெரிய வண்டிகள் இரண்டு தடவை ரிவர்ஸ் எடுக்கும் வளைவில் ஹெரால்டு ஒரே திருப்பில் போய்விடும்.

எங்கள் மெக்கானிக் அண்ணனிடம்தான் இதையெல்லாம் கற்றேன். ஈரமண் மேட்டில் பின்சக்கரம் சுழன்றுகொண்டே நின்றபோது பக்கத்தில் நடந்து வந்தபடி சொன்னார்: “அம்மிணி, காலை எடுத்துராதீங்க. அதுக்காக அமுக்கவும் அமுக்காதீங்க. அதே அளவுல வச்சிருங்க, அது தானா புடிச்சு ஏறும்.” ஏறியது. முன்பக்க பானெட் முழுக்க முன்னோக்கித் திறக்கும் வண்டி இது. அவர் முன் டயர்மேலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பார். முன்சக்கரம் திரும்பும் இடத்தில் இருக்கும் டிரன்னியன் என்ற பித்தளைத் துண்டுக்கு கிரீஸ் வைக்கக் கூடாது, கெட்டி கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் வைத்தால் உள்ளே மரை தேய்ந்து, ஒரு நாள் சக்கரம் மடங்கிவிடும். பெட்ரோல் பம்ப் சூடேறி வண்டி நின்றால் ஈரத்துணியைச் சுற்றிப் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். இப்படி நூறு விஷயம் அவர் கையில் இருக்கிறது. கம்பெனி 1988-லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. அவருக்கு வயதாகிறது. அவரிடம் வேலை கற்க வரும் பையன்கள் ஸ்கேனரைச் செருகிப் படித்துப் பழகியவர்கள், இந்த வண்டியில் அவர்களுக்குப் படிக்க ஒன்றும் இருப்பதில்லை. வண்டி மேட்டில் திணறினால்தான் இந்த வித்தைக்கு வேலை வரும். பார்க்கிங்கில் நிற்கும் காரைத் துடைக்க மெக்கானிக் எதற்கு?

கார் கெட்டுப்போகாதா என்று வைத்திருப்பவர்கள் கேட்பார்கள். நிற்கிற கார்தான் சீக்கிரம் கெடுகிறது. எங்கள் ஊர் மேகமூட்டத்தில் ஓடாத வண்டியின் பிரேக் சிலிண்டர் துருவேறி இறுகிவிடும், டேங்கில் பெட்ரோல் பிசினாகும், ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும். நடக்கிற வேகத்தில் முதல் கியரில் ஏறும் காருக்குப் பெரிய அடி எதுவும் படாது. ரோல்ஸ் ராய்ஸ் கொண்டுவரச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்தவில்லை. ஹெரால்டு, ஃபியட், அம்பாசடர், மோரிஸ் மைனர், எஸ்டேட் ஷெட்டுகளில் சும்மா கிடக்கும் வில்லிஸ் ஜீப்புகள் போதும். ஜீப்புக்குத் தனிப் பிரிவு வைத்துவிடலாம். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியையும் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியையும் ஒரே பட்டியலில் வைப்பது நியாயமில்லை.

சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 2021-ல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் கொண்டுவந்து, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, உருமாற்றம் செய்யாத கார்களையும் இருசக்கர வண்டிகளையும் விண்டேஜ் என்று வகுத்தது. அப்படிப் பதிவு செய்தால் எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். அந்தப் பதிவில் தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. ஆனால் விண்டேஜ் ராலிக்கும் கண்காட்சிக்கும் பெட்ரோல் போடவும் பராமரிக்கவும் ஓட்டலாம். மேடு ஏறும் டிரையலும் ராலிதான் என்று போக்குவரத்துத் துறை தெளிவாக ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும்.

காட்டைப் பற்றிய கவலை எனக்கும் உண்டு, மற்றவர்களைவிட அதிகமாகவே உண்டு. அகல டயர் போட்ட வண்டிகளில் வந்து அவலாஞ்சிப் பக்கப் புல்வெளியில் ஏறி உழுதுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வரும். சோலைக்கு நடுவே இருக்கும் அந்தப் புல்வெளிதான் தண்ணீரைப் பிடித்து எங்கள் ஓடைகளுக்கு விடுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. எங்கெல்லாம் மண் சரிந்தது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். 2022 மே மாதம் கேரளத்தில் வாகமனில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் அனுமதியில்லாமல் ஆஃப்ரோடு பந்தயம் நடத்தி போலீஸ் வழக்கானதும் நினைவிருக்கிறது. நான் சொல்வது அந்த வகையைச் சேர்ந்ததில்லை. வனத்துறை நிலத்தில் ஓர் அடிகூட வேண்டாம். புதிதாக மண் வெட்டவும் வேண்டாம். டிராக்டர் தினமும் போகிற எஸ்டேட் ரோடு போதும். கொழுந்து குறையும் பிப்ரவரியில், தரை காய்ந்திருக்கும்போது, பறிப்பு இல்லாத ஞாயிறு பகலில் நடத்தலாம். யானையும் காட்டெருமையும் நடமாடும் நேரத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். சங்கிலியும் முள் டயரும் கூடாது. ஒவ்வொரு வண்டிக்கும் கீழே ஆயில் தட்டு கட்டாயம். இருபது வண்டிக்குமேல் சேர்க்க வேண்டாம். நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வாங்கித்தான் நீலகிரிக்கு வர முடியும். 2025-ல் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று சீசனுக்கு வரம்பும் வந்துவிட்டது. அந்தச் சுற்றுலாக் கூட்டம் ஊட்டியில் நெரியும் மே மாதத்தில் இன்னொரு விழா வேண்டாம் என்பதும் நான் பிப்ரவரியைச் சொல்வதற்கு ஒரு காரணம்.

காரமடையிலிருந்து முள்ளி, கெத்தை வழியாக மஞ்சூருக்கு ஏறும் ரோட்டில் 43 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர்க் கார்கள் அந்த வழியாகவே ஏறி வரட்டும், அதுவே முதல் சோதனையாக இருக்கட்டும். அங்கே மதிப்பெண் வேண்டாம். அது யானை வழி, வன சோதனைச்சாவடி நேரத்துக்குள் மெதுவாக வந்து சேர்ந்தாலே போதும்.

சென்னையில் இருக்கும் இந்திய மோட்டார் விளையாட்டு சம்மேளனத்துக்கு விதி எழுதத் தெரியும், காயம் பட்டால் ஆம்புலன்ஸ் எங்கே நிற்க வேண்டும் என்பது வரை தெரியும். பாதை கொடுக்க ஒரு எஸ்டேட் முன்வர வேண்டும், கலெக்டர் கையெழுத்துப் போட வேண்டும். பலகை நடுவதற்கும் மேட்டில் நின்று மதிப்பெண் குறிப்பதற்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். என் ஹெரால்டின் பின் சீட்டில் எம்பிக் குதிக்க என் அண்ணன் மகள் இப்போதே பேர் கொடுத்துவிட்டாள். மெக்கானிக் அண்ணனை நடுவராகப் போட வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை.