கல்லுக்கு வாழ்வு, கூடைக்காரனுக்குத் தடியா?

செங்கோட்டை வாசலிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஷாஜகானின் மகள் ஜஹானாரா 1650-இல் அமைத்த கடைத்தெரு. அந்தச் சாந்தினி சௌக்கைப் புதுப்பித்து 2021 செப்டம்பரில் திறந்துவைத்தார்கள். சிவப்புக் கல் பாவினார்கள். தலைக்குமேல் தொங்கிய மின்கம்பிகளைப் பூமிக்கடியில் புதைத்தார்கள். காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிகளுக்குத் தடை என்றார்கள்.

நல்ல காரியம்தான். பழைய டெல்லி ஸ்டேஷனில் டியூட்டி முடிந்து அவ்வழியே நடக்கிற நாங்கள் அதை மறுக்கவில்லை. போலீஸ் கண் திறந்திருக்கும் நாட்களிலாவது நம் பெண்கள் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு பயமில்லாமல் போகிறார்கள்.

ஆனால் தோழர்களே, கல்லைப் பாவிய கையோடு யாரைத் துடைத்தெறிந்தார்கள்?

தட்டில் கைக்குட்டை விற்றவன், கூடையில் கொய்யா விற்றவள், தரையில் துணி விரித்துச் சீப்பும் கண்ணாடியும் பரப்பியவன். கடை முதலாளிகளின் சங்கம் வழக்குப் போட்டது. இது தெரு வியாபாரத்துக்குத் தடை செய்யப்பட்ட பகுதி, அனுமதியில்லாதவர்களை அகற்றுங்கள் என்று 2021-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதிகாரிகளுக்கு உத்தரவிட்டது. பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறார்களாம்!

எது பாரம்பரியம்? நாடாளுமன்றம் 2014-இல் நிறைவேற்றிய தெரு வியாபாரிகள் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தெரு வியாபாரிகள் தொழில் செய்துவரும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தை என்று அறிவிக்க வேண்டும், அங்குள்ள வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது என்று அதன் அட்டவணை சொல்கிறது. ஐம்பது ஆண்டு! சாந்தினி சௌக்குக்கு வயது 370-க்கு மேல். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை எவரையும் வெளியேற்றக் கூடாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்றும் இருக்கிறது. சட்டம் கூடைக்காரியையே பாரம்பரியம் என்கிறது. அதிகாரியோ கல்லைக் காட்டுகிறார்.

கோர்ட்டே சொன்ன பிறகு என்ன செய்ய முடியும் என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். சைக்கிள் ரிக்ஷாக்களை 2006-இல் இதே தெருவிலிருந்து தடை செய்ததும் கோர்ட்டுதான். 2010-இல் அதே உயர் நீதிமன்றம், டெல்லியில் 99,000 ரிக்ஷாவுக்கு மேல் லைசென்ஸ் இல்லை என்ற உச்சவரம்பைச் செல்லாது என்று தள்ளியது. கேட்பதற்கு ஆள் இருந்ததால் வந்த தீர்ப்பு அது.

பெரிய வீதிக்கு முகப்பூச்சுப் பூசியவர்கள் சந்துக்குள் தலை நீட்டினார்களா? 2022 நவம்பரில் பகீரத் பேலஸ் மின்சாமான் சந்தை நாள்கணக்கில் எரிந்தது. தீயணைப்பு வண்டி நுழைய வழியில்லாத சந்துகள், தலைக்குமேல் சிக்கலாய்க் கம்பிகள், போதாத தண்ணீர். கட்டடங்கள் இடிந்து விழுந்தன. புதுப்பிக்க வேண்டிய இடம் அதுவல்லவா? பகலில் வண்டி வராவிட்டால் மூட்டையை இரவில் இறக்கவேண்டும். அதை முதுகில் சுமக்கும் பல்லேதாருக்கு இரவுக் கூலி எவ்வளவு, படுக்க இடம் எங்கே? கல் எண்ணியவர்கள் இதை எண்ணவில்லை.

நமக்கென்ன என்று டெல்லித் தமிழர்கள் ஒதுங்க முடியாது. வற்றல் மிளகாய்க்குக் காரி பாவ்லி, கல்யாணப் பத்திரிகைக்குச் சாவ்ரி பஜார் என்று இந்தச் சந்துகளில்தான் நம் சம்பளம் கட்டுப்படியாகிறது. முனீர்க்காவிலும் கரோல் பாகிலும் இட்லி வண்டி தள்ளுகிற நம் ஆட்களுக்கும் அதே 2014 சட்டம்தான் காவல். அங்கே உடைந்தால் இங்கேயும் உடையும்.

ஆகவே நாங்கள் கேட்பது இது: சாந்தினி சௌக்கைப் பாரம்பரியச் சந்தை என்று சட்டப்படி அறிவியுங்கள். விட்டுப்போனவர் இல்லாமல் கணக்கெடுங்கள்; தடியால் விரட்டப்பட்டு இன்று தெருவில் இல்லாதவர் பெயரும் அதில் வரவேண்டும். அடுத்த திட்டத்தைச் சந்துகளுக்குள்ளிருந்து தொடங்குங்கள். தண்ணீர்க் குழாயும் கழிப்பிடமும் முதலில், விளக்குக் கம்பம் பிறகு.

விரட்டப்பட்டவர்களில் பலருக்கு மனு எழுதத் தெரியாது. இந்தியில் எழுதத் தெரிந்த தோழர்கள் ஞாயிறு மாலை சங்க அறைக்கு வந்து உதவ வேண்டும்.